புதிதாகப் பூட்டிய பம்பை நான் சந்தேகப்படவில்லை

2022 செப்டெம்பரில் எனக்கு 19 நாள் மீன்பிடித் தொழில் போனது. கையிலிருந்து 73,050 ரூபா போனது, அதில் பாதி கடன். எல்லாவற்றுக்கும் காரணம் என் வள்ளத்து எஞ்சினின் எண்ணெய்ப் பம்புக்குள் போன ஒரு நெல்மணி அளவு சிலிக்கன் பசை. அதையும் நானே என் கையால்தான் வைத்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாட்களில் "முதலில் இதைப் பார்" என்று சொல்ல ஒருத்தர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கடன் இருந்திராது. அதனால் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு, கள்ளப்பாட்டுக் கரை. 18 அடி பைபர் வள்ளம், 25 குதிரைவலு எஞ்சின், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெய்யில் ஓடுவது. பாவித்த எஞ்சினாகத்தான் வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு இது மூன்றாவது. முதலாவதை 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கொண்டு போனது. இரண்டாவதை 2009இல் மாத்தளனில் மணலுக்குள் புதைத்துவிட்டு நடந்தோம். திரும்பி வந்து பார்த்தால் எந்த இடம் என்றே அடையாளம் தெரியவில்லை. அதனால் இந்த எஞ்சினை வேறு யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது, கழற்றுவதும் பூட்டுவதும் நான்தான். அந்தப் பிடிவாதத்துக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

அந்த வருடம் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன, என் எஞ்சின் மூன்று மாதம் கொட்டிலில் சாய்ந்து நின்றது. ஓகஸ்ட் 21 இரவு மண்ணெண்ணெய் விலையை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு எண்ணெய் ஓரளவு வரத் தொடங்கியது. பெற்றோல் அப்போது 450 ரூபா, அதுவும் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த அளவுதான். சரி, கிடைத்ததே போதும் என்று எஞ்சினை இறக்கினேன். இழுத்தால் பற்றுகிறது, உடனே மூச்சு வாங்குகிறது. கீழ்ச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுத்துக் கிடந்தது. எஞ்சினுக்கு எண்ணெய்யை இழுத்துக் கொடுக்கும் பியூவல் பம்பைத் திறந்தேன். உள்ளே இருக்கும் ரப்பர்த் தாள், டயபிரம் என்பார்கள், காய்ந்து விறைத்து ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. அந்தக் கீறல் வழியாகத்தான் எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் போயிருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் எண்ணெய்யோடு நிற்கிற பம்புக்கு இப்படித்தான் ஆகும். எஞ்சினைக் கன நாள் நிறுத்துவதாக இருந்தால் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது. இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பம்பைச் சுற்றுவதற்கு பெல்ட்டோ கரன்டோ கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் கீழுள்ள கிராங் அறையில் காற்று ஒரு தரம் அமுங்கும், ஒரு தரம் இழுபடும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாகப் பம்புக்கு வந்து டயபிரத்தை முன்னும் பின்னும் ஆட்டும். இரு பக்கமும் இருக்கிற இரண்டு மெல்லிய வால்வுகள் எண்ணெய்யை ஒரே திசையில் மட்டும் விடும். அவ்வளவுதான் பம்ப். துளை அடைபட்டால் துடிப்பு இல்லை, துடிப்பு இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை. பாதி அடைபட்டால்தான் பெரிய வில்லங்கம். மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும், கூட்டிப் பிடித்தால்தான் செத்துப்போகும்.

முல்லைத்தீவு டவுனில் என் எஞ்சினுக்கான அசல் செட் கிடைக்கவில்லை. பொலித்தீன் பையில் போட்ட ஒரு செட் 2,400 ரூபாவுக்கு இருந்தது. டயபிரம், கசியாமல் இடையில் வைக்கிற கஸ்கற் தாள், வால்வு எல்லாம் உள்ளே இருந்தன. கடைக்காரர் "இது எல்லாத்துக்கும் சரிவரும்" என்றார். எல்லாத்துக்கும் சரிவரும் என்ற பொருள் எதற்குமே நூற்றுக்கு நூறு சரிவராது என்பதை இப்போது சொல்லத் தெரிகிறது. கஸ்கற் கொஞ்சம் மெல்லிதாக இருந்தது. கசியுமோ என்ற பயத்தில் 450 ரூபாவுக்கு ஒரு சிலிக்கன் ரியூப்பும் வாங்கினேன். அன்று இரவு கரன்டும் இல்லை. கைபேசி வெளிச்சத்தில் பம்பின் முகம் முழுவதும் சிலிக்கனைப் பூசி, திருகாணிகளை இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். கழற்றும்போது எந்தத் தாளுக்கு அடுத்தது எந்தத் தாள் என்று ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. காலையில் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி எஞ்சினைப் போட்டால் தையல் மெஷின்போல ஓடியது. அக்காவின் மகன் கைதட்டினான். பீப்பாயில் ஓடுகிற எஞ்சினை நம்பவே கூடாது. அங்கே அதற்குச் சுமை இல்லை, கேட்கிற எண்ணெய்யும் கொஞ்சம்தான்.

கடலில் முதல் நாளே குணத்தைக் காட்டியது. நாங்கள் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, அலையைத் தாண்டி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எனக்கு முன் இந்த எஞ்சினை வைத்திருந்தவர் ஒரு லீற்றர்ப் பெற்றோல் குப்பியை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டி, காபரேட்டருக்குப் போகிற குழாயில் ஒரு திறப்பு வைத்து இணைத்திருந்தார். பெற்றோல் தன் பாரத்திலேயே இறங்கும். (தீ ஆபத்துள்ள ஏற்பாடு, யாரும் பார்த்துச் செய்ய வேண்டாம்.) அலையை முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு போனேன், ஒரு குறையும் இல்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். இரண்டு நிமிடம் போயிருக்கும், எஞ்சின் விக்கியது, முனகியது, நின்றது. தாங்கியிலிருந்து வருகிற குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பை நாலு தரம் அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. அமுக்குவதை விட்டால் சாகிறது. பாதி வேகத்தில் விட்டால் முனகிக்கொண்டே கரை வரைக்கும் வரும்.

இதை வாசிக்கும்போதே விசயம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். பெற்றோல் பம்பைத் தொடாமல் நேரே காபரேட்டருக்குப் போகிறது, அதில் முழு வேகம் வருகிறது. அப்படியென்றால் காபரேட்டர், பிளக், கொயில் எல்லாம் சுத்தம். பல்பைக் கையால் அமுக்கினால் ஓடுகிறது. அப்படியென்றால் பம்ப் செய்ய வேண்டிய வேலையை என் கை செய்கிறது. இரண்டு சாட்சியும் முதல் நாளே என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டன. ஆனால் என் மண்டையில் ஓடியது வேறு. பம்ப் நேற்றுத்தான் புதிதாகப் போட்டது, அதனால் பம்ப் இல்லை. பெற்றோலில் ஓடுகிறது, மண்ணெண்ணெய்யில் ஓடவில்லை, அதனால் எண்ணெய்தான் பழுது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எண்ணெய்யில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் நம்பினேன். உராய்வைக் குறைக்கும் ஓயில் கலந்து வைத்திருந்த 20 லீற்றர் மண்ணெண்ணெய்யைத் தூக்கிப் பக்கத்து வாடிக்காரனிடம், கரையில் அடுத்த கொட்டில்காரனிடம், கொடுத்தேன். "வேணுமெண்டால் பாவி மச்சான், எனக்குச் சரிவரேல்லை" என்றேன். 6,800 ரூபா எண்ணெய். அவன் அதைத் தன் தாங்கியில் ஊற்றி இரண்டு நாள் தொழிலுக்குப் போய்வந்தான், ஒரு விக்கல்கூட இல்லை. மூன்றாவது சாட்சி. அதையும் நான் கேட்கவில்லை. எண்ணெய்யில் சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் தனியாகத் தெரியும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்து பிளக் இரண்டும் மாற்றினேன், 2,800 ரூபா. காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், நாலு நாள் கழித்து மறுபடி கழுவினேன். பிறகு குழாய், பல்ப், எஞ்சினில் செருகும் செருகி எல்லாம் சேர்த்துப் புதிதாக வாங்கினேன், 9,500 ரூபா. இதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, என்னை இன்னும் குழப்பியதும் அதுதான். பழைய செருகிக்குள் இருந்த ரப்பர் வளையம் வெடித்து, அது வழியாகக் காற்று உறிஞ்சியிருக்கிறது. அதுவும் ஒரு பழுதுதான், ஆனால் பெரிய பழுது அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். இரண்டு நிமிடத்தில் நின்ற எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடியதும் "பிடித்துவிட்டேன்" என்று நினைத்தேன்.

பல்பை எப்படி வாசிப்பது என்று பிற்பாடுதான் புரிந்தது. எஞ்சின் விக்கும்போது பல்ப் சூப்பிய மாங்கொட்டைபோல ஒட்டிப்போனால், தாங்கிப் பக்கத்தில் அடைப்பு. தாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம், உறிஞ்சும் வலையில் குப்பை இருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எவ்வளவு அமுக்கினாலும் பல்ப் கல்லுப்போல இறுகவில்லை என்றால் எங்கேயோ காற்று போகிறது, அல்லது பல்புக்குள் இருக்கிற வால்வு பழுது. பல்ப் நன்றாக இறுகுகிறது, அமுக்க அமுக்க எஞ்சினும் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் முதலில் பம்பைக் கழற்றுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டினால், காற்றுக் குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அந்தக் குழாய் எண்ணெய்யிலும் வெயிலிலும் விறைத்துப்போகும்.

பதினோராம் நாள் நான் செய்ததுதான் உண்மையான முட்டாள்தனம். வீட்டில் காசு முடிந்திருந்தது. ஐந்து நிமிடம் ஓடுகிறது, பிறகு பல்பை அமுக்கிக்கொண்டே போகலாம் என்று அக்காவின் மகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். தென்மேற்குக் காற்றான சோளகம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் கரைக்குச் சோளகம் என்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. வடகிழக்கு வாடைக்காற்றில் எஞ்சின் நின்றால் அலையோடு கரைக்குத் தள்ளும், வள்ளம் உடைந்தாலும் ஆள் மண்ணில் விழலாம். சோளகத்தில் நின்றால் காற்று வெளிக்கடலுக்குத்தான் கொண்டுபோகும். கடல் அமைதியாகத் தெரிவதால் பயமும் வராது. வலை இழுத்து முடித்துத் திரும்பும்போது, பையன் பல்பை அமுக்கி அமுக்கி ஒரு மணித்தியாலம் வந்தோம். "மாமா, கை விறைச்சுப் போச்சு" என்றான். நான் ஒரு கையால் எஞ்சினையும் மறு கையால் பல்பையும் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது, உலோகத்தில் உலோகம் உரசுகிற ஒரு கிரீச். நின்றது. பிறகு இழுத்தால் கயிறே வரவில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஓயில் போவது எண்ணெய்யோடு கலந்துதான். எண்ணெய் குறைந்தால் ஓயிலும் குறையும். எஞ்சினைப் பட்டினி போட்டு ஓட்டினால் வேகம் குறைவதோடு நிற்காது, பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைச் சுரண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், உண்மையில் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் காதில் போடவில்லை.

நங்கூரத்தைப் போட்டேன், கயிறு போதவில்லை, நிலத்தைத் தொடவே இல்லை. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. கரைப் பனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையனுக்கு முன்னால் பயத்தைக் காட்டக் கூடாது என்று மீனை ஐஸில் அடுக்குவதுபோல நடித்தேன். அவன் வலையின் மிதவைகளை ஒன்றாகக் கட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிறு கலங்கியது. கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது, பதினைந்தாவது தரமோ என்னவோ அழைப்பு எடுபட்டது. நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு அளம்பில் பக்கத்து வள்ளம் ஒன்று வந்து இழுத்தது. அவர்கள் காசு கேட்கவில்லை, ஆனால் கேட்காமலே கொடுக்க வேண்டியது அது. 15 லீற்றர் எண்ணெய், 5,100 ரூபா.

அடுத்த நாள் நான் யாரோடும் பேசவில்லை. மனைவியின் வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், கழற்றுவதை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துப் பம்பைத் திறந்தேன். அழுத்தி இறுக்கியதில் வெளியே தெரிந்த சிலிக்கன் அழகாக ஒரு கோடு போட்டிருந்தது. உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று நான் ஏன் யோசிக்கவில்லை? துடிப்பு வருகிற துளைக்குள் ஒரு நெல்மணி அளவு சிலிக்கன் பாதி வாயை மூடிக்கொண்டு நின்றது. மிச்சம் கொஞ்சம் நூல்போலப் பிரிந்து வால்வின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. இறுக்கிய இறுக்கில் மூடியின் நடுப்பகுதி வேறு சற்று வளைந்திருந்தது. ஊசியால் அந்த நெல்மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை, ஒருவிதக் களைப்புத்தான் வந்தது.

பம்புக்குச் சிலிக்கனே வேண்டாம். முகத்தைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிய மெல்லிய மட்டத்தாளில் (உப்புத்தாளில்) வைத்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தினால் கஸ்கற் தானாகப் பிடிக்கும். கஸ்கற்றைப் போடும் முன் பழையதன் மேல் வைத்து எல்லாத் துளையும் நேருக்கு நேர் வருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் கரையில் சிலர் சைக்கிள் ரியூப்பை வெட்டி டயபிரமாகப் போடுவார்கள். அவசரத்துக்குக் கரை சேர்க்கும், ஆனால் தடிப்புக் கூட, எண்ணெய்யில் ஊதியும் போகும். திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பூட்டி முடிந்ததும் எஞ்சினில் போடுவதற்கு முன் வாயால் சோதிக்கலாம். எண்ணெய் உள்ளே வருகிற வாயில் ஊதினால் காற்றுப் போக வேண்டும், உறிஞ்சினால் வரக் கூடாது. வெளியே போகிற வாயில் இதற்கு மறுதலை. இரண்டு நிமிட வேலை. நாக்கில் எண்ணெய் ருசி ஒரு நாள் இருக்கும், பரவாயில்லை.

பம்ப் சரியானது, ஆனால் மேல்ச் சிலிண்டர் போயிருந்தது. எஞ்சின் தலையைத் தோளில் போட்டுக்கொண்டு புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போனேன், குருநகர்ப் பக்கம் ஒரு பட்டறைக்கு. பிஸ்டன், ரிங், சிலிண்டர் கடைவது, கூலி எல்லாம் சேர்த்து 46,000. அங்கே இருந்தவர் நான் சொன்ன முழுக் கதையையும் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

"பல்ப்பை அமுக்கினால் ஓடினது எண்டு சொல்லுறீர். பிறகேன் தம்பி காபரேட்டரைக் கழட்டினனீர்?"

என்னிடம் பதில் இல்லை. பம்ப் புதுசு அண்ணை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சொன்ன 73,050 ரூபாவில் பஸ் காசும், போகாத 19 நாளின் மீனும் சேரவில்லை. பிறகு கையில் காசு வந்தபோது முதல் வேலையாக அசல் செட் ஒன்றை வாங்கி, பழைய பம்ப் உடல் ஒன்றில் பூட்டி, சோதித்து, மூடி இறுகிய மாஜரின் டப்பாவுக்குள் வைத்து வள்ளத்தில் கட்டியிருக்கிறேன். அதோடு ஒரு திருகாணிச் சாவி, செருகிக்கான இரண்டு ரப்பர் வளையம், முன்னையதைவிட மூன்று மடங்கு நீள நங்கூரக் கயிறு, இரண்டு துடுப்பு. மிதப்பு அங்கி இரண்டும் இப்போது கொட்டிலில் தொங்குவதில்லை. புதிதாக எதைப் பூட்டினாலும் முதல் இரண்டு நாள் கரையோரமாகவே, கால் நனையும் ஆழத்துக்குப் பக்கத்தில், முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே போகிறேன். எண்ணெய்ச் செலவு என்று மனைவி முணுமுணுப்பாள், முணுமுணுக்கட்டும்.

பக்கத்து வாடிக்காரன் மட்டும் இன்னும் விடவில்லை. கரையில் என்னைக் கண்டால், "மச்சான், பழுதான எண்ணெய் ஏதும் கிடக்குதோ?" என்று கானைத் தூக்கிக் காட்டுவான்.